ஆறெழுத்துக்காரங்க

அந்தப் பொட்டியை அப்புறம் திறக்கலாமுங்க தம்பி. மொதல்ல மோரைக் குடிங்க. பெருங்காயம் போட்டது, வயித்துக்கு நல்லது. இந்த வெய்யல்ல பஸ் ஸ்டாப்புல இருந்து நடந்தா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா காரைத் தாட்டிவிட்டிருப்பேனே. வர்றவங்களை வாட விடமாட்டேனுங்க நான். ஊருக்குள்ள என்னைப் பத்தி என்னென்னமோ பேசறாங்க. அந்த டீக்கடைக்காரன் ஏதாச்சும் சொல்லியிருப்பானே? சொல்லலையா? சரி விடுங்க.

உங்க கம்பெனி புரோகிராமு நல்லதுன்னுதான் கேள்வி. போடலாம். ஆனா போடறதுக்கு முன்னால, போன தடவை இங்க என்ன நடந்துச்சுன்னு நீங்க கேட்டே ஆவோணும். கேட்டுப்போட்டு, உங்களோடதுல இந்தக் கெரகமெல்லாம் வராதுன்னு சொன்னீங்கன்னா இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்.

இந்தக் குடோன் எங்கப்பா கட்டுனது. சுத்துப்பட்டுக் குடியானவங்க மஞ்சளை வேக வெச்சு, காய வெச்சு, பாலீசு போட்டு, மூட்டை கட்டி இங்க கொண்டாந்து அடுக்கிப்போட்டுப் போவாங்க. வெலை ஏறுனா எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போவாங்க. அதுவரைக்கும் மூட்டைக்கு நாங்க காவல். ஆரோட மூட்டை எங்க இருக்குது, எத்தனை இருக்குது, அவ்வளவுதானுங்க தொழிலு. அது தெரியாமப் போச்சுன்னா கூரை முட்ட மஞ்சளை வெச்சுக்கிட்டும் நாம பிச்சைக்காரங்கதான்.

எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்ததுக்கப்புறம் நான்தான் எல்லாம். வசந்தாமணி ஒரு பொம்பளை தானேன்னு ஆரும் ஏமாத்திரக் கூடாதுன்னு மொத நாள்ல இருந்தே கண்டிப்பா இருந்தேன். கணக்குல தப்பு விட்டவனை அறைஞ்சிருக்கேன், இல்லைங்கலை. ஆனா அறை வாங்குனவன் அடுத்த நாளும் வேலைக்கு வர்றானே? அப்ப அவனுக்கே தெரியுதுதானே, தப்பு ஆரு மேலன்னு? எம்பட வீட்டுக்காரரு திருப்பூர்ல இருக்கறாரு. அவருக்கு இங்கத்த மஞ்சள் தூசி ஒத்துக்கலைங்க. கல்யாணமான வருசமே ஒத்துக்கலை.

சரி, கதைக்கு வர்றேன்.

பழைய புரோகிராமு இனி ஓடாது, புதுசுக்கு மாத்தியே ஆவோணும்னு அந்தக் கம்பெனிக்காரங்க போன் மேல போன். மாத்தறதுக்கு ஒருத்தனைத் தாட்டிவிட்டாங்க. ஆன்டோன்னு பேரு. நாகர்கோயில் பக்கம், கோயமுத்தூர்ல வேலை. ஒல்லிப்பிச்சானாட்ட இருப்பான். எது சொன்னாலும் ‘சரி மேடம், ஆனா’ம்பான். அந்த ‘ஆனா’வைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கும்.

அவன் வந்தது வெலை ஏறுற நேரம். ஒவ்வொரு நாளும் ஏறுது. குடியானவங்க சைக்கிள்லயும் பைக்குலயும் வந்து கேட்டுல நிக்கறாங்க. இவன் வந்து உக்காந்துக்கிட்டு, “மேடம், ரெண்டு நாளைக்குக் குடோனை மூடணும். மொதல்ல வேற ஒரு மெசின்ல போட்டுப் பாக்கணும்”ங்கறான்.

“வெலை ஏறுறப்ப மூடுனா குடியானவன் என்னை மூடிருவான். ஓட ஓட மாத்து”ன்னேன்.

“சரி மேடம். ஆனா உங்க பேரெல்லாம் பழைய தமிழ் எழுத்துல அடிச்சிருக்கு. அதை மொதல்ல புது எழுத்தா மாத்தணும். அதுக்கு ஒரு நாள் தாங்க.”

“தமிழ்ல என்னடா பழசு புதுசு? எங்கப்பாவுக்கு இங்கிலீசு ஆகாதுன்னுதான் தமிழ்ல அடிச்சது. அதெல்லாம் அதுபாட்டுக்கு வரும், நீ போடு”ன்னேன்.

இன்னொண்ணும் நான் கேட்டிருந்தேன். சில பேரு ஒரே ஆளே ரெண்டு கணக்கு வெச்சிருப்பான். அந்தமாதிரி ஒரே பேரு ரெண்டு தடவை வந்தா ஒண்ணாச் சேத்துப்போடுன்னு. நல்ல விசயம்தானே? அதுக்கும் ஒரு ‘ஆனா’ வெச்சிருந்தான். நான் காதுல வாங்கலை.

மாத்திக்கிட்டே இருக்கறான், பாதியில நின்னுபோச்சு. செவப்புல ஒரு பெட்டி வந்துச்சு, எரர்னு. உள்ள ஏழெட்டு வரி இங்கிலீசு. “மேடம், இது சரியில்ல. டேட்டாபேஸ் ஏதோ சொல்லுது. நிறுத்திட்டு என்னன்னு பாத்தே ஆகணும்”னான். அந்தப் பெட்டிக்குக் கீழ ரெண்டு பொத்தான் இருந்துச்சு. ஒண்ணு நிறுத்தறதுக்கு, ஒண்ணு கண்டுக்காம மேல போறதுக்கு. வெளிய ஆளுக கத்திக்கிட்டு இருக்காங்க. நான் அவன் கையைத் தட்டிவிட்டுப்போட்டு மவுசைப் புடிச்சு ரெண்டாவதை அமுக்குனேன். ஓடுச்சு. நல்லாத்தான் ஓடுச்சு. “பாத்தியா?”ன்னேன்.

அடுத்த நாள் காலையில மெசினைப் போட்டா, பேரு இருக்க வேண்டிய எடத்துல எல்லாம் கேள்விக்குறி. வரிசை வரிசையாக் கேள்விக்குறி. ஆன்டோவைக் கேட்டா, “எழுத்து மட்டுந்தான் மேடம் தெரியல, கணக்கு நம்பரை அடிச்சா வந்துரும், பேரைச் சாயங்காலம் சரி பண்ணிர்றேன்”னான். இதைக் குறிச்சுக்குங்க தம்பி. அவனே சொன்னான், எழுத்து மட்டுந்தான்னு.

மொத ஆளா வந்தது அறச்சலூர் குப்பண்ணன். வயசானவரு, எங்கப்பா காலத்துல இருந்து இங்கதான் மூட்டை வெக்கறவரு. மூட்டை வெச்சதுக்கு நாங்க எழுதிக் குடுத்த சீட்டைக் குடுத்தாரு. நம்பரை அடிச்சா, அப்பிடி ஒரு ஆளே இல்லைன்னு வருது. மறுபடியும் அடிச்சான். இல்லை. அடுத்து சின்னப்பன். அவனும் இல்லை. அதுக்கடுத்து பாப்பண்ணன். அவனும் இல்லை. கேட்டுல கூட்டம் சேந்துபோச்சு. உள்ளயும் வந்துட்டாங்க. குப்பண்ணன் மேசையைத் தட்டி, “ஏம்மிணி, என்ற மஞ்சளைத் தின்னுபோட்டியா?”ங்கறாரு. எங்கப்பா முன்னால நிமிந்து பேசாத மனுசன்.

எனக்கு எப்பிடி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. ஆன்டோ பக்கம் திரும்புனேன். அவன் ரெண்டு கையையும் தூக்கி, “மேடம், பதறாதீங்க, ஒண்ணும் போகல, பழசைத் திருப்பிப் போட்டுருவேன், அந்த...”ன்னு மேசை மேல எதையோ காட்டுனான். பதறாதேன்னு என்கிட்டயே சொல்றான். மேசை மேல கறுப்பா ஒரு டப்பா கிடந்துச்சு. எடுத்து அவன் மூஞ்சிக்கே வீசுனேன். புருவத்துல பட்டுச் செவுத்துல அடிச்சுக் கீழ விழுந்துச்சு. புருவம் கிழிஞ்சு ரத்தம் கண்ணுக்குள்ள ஊத்துது. நெத்தியைப் புடிச்சுக்கிட்டு உக்காருவான்னு பாத்தா, அவன் கீழ குனிஞ்சு அந்த டப்பாவை எடுத்துக் காதுல வெச்சு ஆட்டிப் பாக்கறான். உள்ள கிலுகிலுப்பையாட்டச் சத்தம். அப்பிடியே தரையில உக்காந்து அழுதுபோட்டான்.

அதுலதான் பழைய டேட்டாபேஸ் முச்சூடும் நகல் எடுத்து வெச்சிருந்தானாமா. அதுக்கு மறு நகலும் இல்லையாமா. சொல்லோணுமா இல்லையா? டப்பா மேல எழுதி ஒட்டியிருக்கலாமில்ல? நீங்க அந்தமாதிரி டப்பா ஏதாச்சும் கொண்டாந்திருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க தம்பி.

இதுக்கு நடுவால வெளிய லாரி கிளம்புற சத்தம். ஜன்னல்ல பாக்கறேன், மஞ்ச மூட்டை ஏத்துன லாரி கேட்டைத் தாண்டப் போவுது. நான் கேட் பாஸ் போடலை. கம்ப்யூட்டர்ல பேரே இல்லை. எவன் மூட்டை, எவன் ஏத்துனான்? செருப்புக்கூடப் போடாம ஓடிப் போயி லாரியை மறிச்சேன்.

ஏத்துனது தீர்த்தகிரி. எங்க லோடுமேன் மேஸ்திரி. எங்கப்பா காலத்து ஆளு. கேட்டா, “குப்பண்ணன் கையில சீட்டு இருக்குதுங்க அம்மிணி, மூட்டையில அவர் குறி இருக்குது. இன்னைக்கு வித்தாத்தான் அவருக்கு வெலை. கம்ப்யூட்டரு சரியானதும் எழுதிக்கலாம்னு ஏத்திவிட்டேனுங்க”ங்கறான். எவ்வளவு தெகிரியம் பாருங்க. உள்ள ஒவ்வொருத்தன் கணக்காக் காணாமப் போவுது, வெளிய இவன் பாஸ் இல்லாம மூட்டையைத் தாட்டிவிடறான். எனக்கு அப்பவே எல்லாம் புரிஞ்சுபோச்சு. அதாவது, புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

மூட்டையைக் குத்தித் தூக்கறதுக்கு லோடுமேன் ஆளுக ஒரு கொக்கி வெச்சிருப்பாங்க. மரப்புடி, வளைஞ்ச இரும்பு, முனை ஊசியாட்ட. அவன் தோள்ல மாட்டியிருந்தான். அதைப் புடுங்கி, “ஆரு ஊட்டுச் சொத்துடா?”ன்னு கேட்டுக்கிட்டே வீசுனேன். மூஞ்சிக்குத்தான் வீசுனது. அவன் வலது கையைக் குறுக்க வெச்சான். உள்ளங்கையில எறங்கிப் பொறங்கையில வந்துருச்சு.

அவன் கத்தலைங்க. அதுதான் எனக்கு இன்னும் கோவம். கத்தியிருந்தா விட்டிருப்பேன். இழுத்தேன். வரலை. கொக்கி இல்லீங்களா, போன வழியில வராது. “அம்மிணி, இழுக்காதீங்க”ன்னான், மெதுவா, ஏதோ மூட்டை சரியுது பாத்துங்கன்னு சொல்ற மாதிரி. மறுபடியும் இழுத்தேன். அப்பத்தான் உள்ள ஏதோ அறுந்த மாதிரி இருந்துச்சு, கயிறு அறுபடற மாதிரி. கொக்கி கையோட வந்துருச்சு. ரத்தம் மஞ்சத் தூசியில விழுந்தா எப்பிடிச் செவக்கும்னு பாத்திருக்கீங்களா? குங்குமமேதான்.

அவன் பொண்டாட்டி பாவாயி குடோன்ல தூசி கூட்டறவ. வெளக்குமாத்தைப் போட்டுப்போட்டு ஓடியாந்தா. முந்தானையைக் கிழிச்சு அவன் கையைச் சுத்துனா. சுத்தி முடிக்கிற வரைக்கும் என்னை ஒரு தடவைகூடப் பாக்கலை. எப்பவுமே அவ என்னை நிமிந்து பாத்ததில்லை, அதனால நான் அதைப் பெருசா எடுத்துக்கலை.

வேனை வரச்சொல்லி நான்தான் ஆசுபத்திரிக்கு அனுப்புனேன். அதை எவனும் சொல்ல மாட்டான். “டாக்டரு கேட்டா மூட்டை சரிஞ்சு கொக்கி குத்திருச்சுன்னு சொல்லு”ன்னேன். “சரிங்க அம்மிணி”ன்னான். அப்பிடியேதான் சொன்னான். போலீசா? அதுக்கு எதுக்குங்க போலீசு? அவனே சொல்லிட்டானே, மூட்டை சரிஞ்சுதுன்னு.

உள்ள வந்தா ஆன்டோ ஒரு கையில நெத்தியில துணியை அமுக்கிக்கிட்டு இன்னொரு கையில தட்டிக்கிட்டு இருக்கறான். சின்னப்பனும் பாப்பண்ணனும் அவன் முதுகுக்குப் பின்னால நிக்கறாங்க. ஒவ்வொரு நம்பராப் போட்டுப் பாத்துக்கிட்டே வர்றப்ப ஒரு நம்பருக்குத் தெறந்துச்சு. திறந்தா அம்மாடி, மூட்டை மூட்டையா எறங்குது கணக்கு. பக்கம் தள்ளத் தள்ள முடியலை. அது ஆரு நம்பருன்னு பாத்தா, சிவகிரிப் பக்கம் செல்லப்பன். சின்னதா ஒரு தோட்டம் வெச்சிருக்கறவன். அவன் தோட்டத்துல பத்து வருசம் வெளைஞ்சாலும் அவ்வளவு மஞ்ச வராது.

“இது கணக்குத் தப்பு மேடம். ஒரு ஆளுக்கு இவ்வளவு இருக்க முடியாது. எங்கயோ சேந்துருக்கு. கொஞ்சம் டைம் குடுங்க”ன்னான் ஆன்டோ.

சின்னப்பன் கேட்டான், “ஏனுங்க, எங்க மூட்டை எல்லாம் செல்லப்பன் பேர்லயா இருக்குது?”

நான் என்ன சொன்னேன்? கம்ப்யூட்டர் என்ன காட்டுதோ அதைச் சொன்னேன். “அப்பிடித்தான் காட்டுது. செல்லப்பனும் தீர்த்தகிரியும் சேந்து பண்ணுன வேலையா இருக்கும்”னேன். அடிக்கப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க. இதை நான் எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன்.

அவங்க போனாங்க. பைக்குல, டெம்போவுல, கேட்டுல நின்னவன் பூராப் போனான். நான் ஆன்டோவை உள்ள வெச்சுக் கதவைப் பூட்டுனேன். சரி பண்ணாம வெளிய வராதேன்னேன். அப்புறம் டிரைவரைக் கூட்டிக்கிட்டு நானும் கார்ல போனேன். போவோணுமில்ல? நம்ம குடோன் விசயம்.

செல்லப்பன் கட்டல்ல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்தான். சின்னப்பன் அவனுக்குப் பங்காளி முறை. அவன்தான் மொதல்ல எத்துனது. சோத்து வட்டல் பறந்து கோழி மேல விழுந்துச்சு. அப்புறம் ஆரு அடிச்சா, ஆரு அடிக்கலைன்னு பாக்க முடியலை. செல்லப்பன் சிரிச்சான் தம்பி, மொத ரெண்டு அடிக்கு. வெளையாடறாங்கன்னு நெனச்சிருப்பான் போல. எல்லாம் தெரிஞ்ச மூஞ்சிங்களே. ஒரே நோம்பியில கிடா வெட்டித் திங்கறவங்க. பாப்பண்ணன் மஞ்சள் பாலீசு பண்ற டிரம்முல இருந்து இரும்புக் கம்பியை உருவிக்கிட்டு வந்து முட்டிக்காலுக்குக் கீழ போட்டான். ரெண்டாவது அடிக்குக் காலு தப்பான பக்கம் மடங்குச்சு. செல்லப்பன் பொண்டாட்டி கீழ விழுந்து ஒவ்வொருத்தன் காலையும் புடிச்சு, “எங்க மூட்டை நாப்பதுதானுங்க, நாப்பதுதானுங்க”ன்னு கத்தறா. ஊட்டுக்குள்ள பூந்து நெல்லுக் கொட்டி வெக்கற குதிரை ஒடைச்சாங்க. வைக்கப்போரைப் புடுங்கி எறிஞ்சாங்க. எங்க போயி மூட்டை இருக்கும்?

மூட்டை அங்க இருக்காதுன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. பேரு மாறியிருந்தாலும் மூட்டை எங்க குடோன்லதானே கெடக்கோணும்? அதைச் சொல்லலாம்னு கார்க் கதவுல கை வெச்சேன். ஆனா அடிச்சுக்கிட்டு இருக்கறவங்களைப் பாதியில நிறுத்துனா என்ன ஆவும்? அந்தக் கோவம் என் மேலதானே திரும்பும்? ஒத்தைப் பொம்பளை நான். அதனால கார்ல இருந்து எறங்கவே இல்லை. கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டேன். சத்தம் வரலை. வாயி அசையறது மட்டும் தெரிஞ்சுச்சு. செல்லப்பன் கையை என் பக்கமா நீட்டுன மாதிரி இருந்துச்சு. டிரைவரை வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

வந்து பூட்டைத் திறந்தா, ஆன்டோ ரத்தம் காஞ்ச மூஞ்சியோட நிக்கறான். காலண்டர்த் தாளைக் கிழிச்சு அதுல என்னமோ எழுதியிருக்கான்.

“மேடம், கணக்கு காணாமப் போன மூணு பேரைச் சொல்லுங்க.”

“குப்பண்ணன், சின்னப்பன், பாப்பண்ணன்.”

எழுதுனான். ஒவ்வொரு எழுத்துக்குக் கீழயும் ஒரு கேள்விக்குறி போட்டான். அதுக்குக் கீழ செல்லப்பன்னு எழுதி அதுக்கும் போட்டான். “எண்ணிப் பாருங்க”ன்னான். எண்ணுனேன். ஆறு. ஆறு. ஆறு. ஆறு.

பழைய தமிழ் எழுத்து புது டேட்டாபேஸுக்குப் புரியலையாமா. புரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டுருச்சாமா. அப்ப ஆறெழுத்துக்காரங்க பேரு பூரா ஒரே மாதிரி ஆயிப்போச்சு. ஒரே பேரு ரெண்டு தடவை வந்தா ஒண்ணாச் சேத்துருன்னு நான் கேட்டிருந்தேனில்ல? சேத்துப்போட்டுது. எல்லாரையும் ஒரே ஆளாக்கி, அதுல ஆரு நம்பரு மொதல்ல இருந்துச்சோ அவன் தலையில கட்டிருச்சு. ஆறெழுத்துக்குச் செல்லப்பன். அஞ்செழுத்துக்காரங்களோடது பூராவும் ஒரு வேலப்பன் பேர்ல இருந்துச்சு. அவன் நேரம், பழனிக்குப் போயிருந்தான்.

“அந்தச் செவப்புப் பெட்டி இதைத்தான் மேடம் கேட்டுச்சு. ‘ஒரே பேர்ல இத்தனை பேர் இருக்காங்களே, சேக்கட்டுமா’ன்னு”ன்னான். சொல்லிப்போட்டு, “யாரும் திருடல மேடம். அந்த ஆளை ஒண்ணும் பண்ண வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லுங்க”ன்னான்.

“நேரமாயிருச்சு”ன்னேன்.

அவன் என்னையே பாத்தான். அப்புறம் குப்பைக்கூடையை இழுத்து அதுல வாந்தி எடுத்தான்.

பழைய நகல் ஒடைஞ்சு போச்சு இல்லீங்களா, அதனால ஊர்க்காரங்க சீட்டை எல்லாம் வாங்கி ஒவ்வொண்ணா உக்காந்து அடிச்சான். லோடுமேனுக அத்தனை மூட்டை அட்டியையும் பிரிச்சு எண்ணுனாங்க. ஒரு மூட்டை குறையலைங்க தம்பி! ஒரு மூட்டை! எங்கப்பா பேரைக் காப்பாத்திப்போட்டேன்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஆன்டோ வேலையை முடிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டான். வேலையையே விட்டுட்டானாமா. இப்ப ஊர்ல போன் ரிப்பேர் கடையில உக்காந்திருக்கானாமா. அந்தக் கம்பெனிக்காரங்க என்ற போனை எடுக்கறதே இல்லை. எவனுக்கும் பொறுப்பு இல்லீங்க.

செல்லப்பன் விசயம் கோயில்ல வெச்சுப் பேசி முடிச்சாங்க. அடிச்சவன் பூராச் சொந்தக்காரன், எவன் மேல கேசு குடுப்பான்? காலு இனி நேராவாதுன்னுட்டாங்களாமா. ஆசுபத்திரிச் செலவு என்னோடதுன்னு நானே முன்வந்து சொன்னேன். எவனும் கேக்கலை, நானே சொன்னேன்.

அப்புறம் தீர்த்தகிரியைப் பாக்கோணும்னு மனசு அடிச்சுக்கிச்சு. நல்ல சேதி சொல்லோணுமில்ல? ஆப்பிளு, ஆர்லிக்ஸு எல்லாம் வாங்கிக்கிட்டு நானே ஆசுபத்திரிக்குப் போனேன். பொது வார்டு. படுத்திருந்தான். வலது கை தலகாணியாட்டக் கட்டு. கை நரம்பு அறுந்துபோச்சு, வெரலு இனி மடங்காதுன்னு நர்சு சொன்னா. நான் கட்டல்கிட்ட நின்னு, “தீர்த்தகிரி, எண்ணிப் பாத்தாச்சு. ஒரு மூட்டை குறையலை. உன் மேல தப்பு இல்லை. நான் மன்னிச்சுட்டேன்”னேன்.

“சந்தோசமுங்க அம்மிணி”ன்னான்.

“கையைப் பத்தி ரோசனை பண்ணாதே. கேட்டுல வாட்ச்மேனா உக்காந்துக்க. அதுக்கு இடது கை போதும்”னேன். எவன் சொல்லுவான் அப்பிடி? வேற மொதலாளியா இருந்தா ஆளை மாத்தியிருப்பான்.

பாவாயி கட்டலுக்கு அந்தப் பக்கம் கீழ உக்காந்திருந்தா. எந்திரிச்சா. சுத்திக்கிட்டு வந்தா. ஆப்பிள் பையை வாங்கறதுக்குத்தான் வர்றான்னு நானும் நீட்டுனேன். விட்டா பாருங்க ஒரு அறை. என் மூக்குக் கண்ணாடி பறந்து பக்கத்துக் கட்டல்ல விழுந்துச்சு. காது கிய்யின்னுச்சு. நர்சு பாக்குது, நோயாளிக பாக்கறாங்க, ஒரு கொழந்தை கை தட்டிச் சிரிக்குது. என்னைப் பெத்த அப்பன்கூட என்னைத் தொட்டதில்லைங்க.

நான் விடுவேனா? நேரா ஸ்டேசனுக்குப் போனேன். பொம்பளைப் போலீசு போயி அவளைக் கூட்டியாந்துச்சு. எதுக்கு அடிச்சேன்னு கேட்டாங்க. “அடிச்சேன்”னா. எதுக்குன்னு கேட்டா, மறுபடியும் “அடிச்சேன்”னுதான் சொல்றா. வேற பேச்சே இல்லை. எழுதி உக்கார வெச்சாங்க.

தீர்த்தகிரி கட்டோட வந்து எங்க ஊட்டு வாசல்ல நின்னான். “புத்தியில்லாமப் பண்ணிப்போட்டாளுங்க, வாபஸ் வாங்கிக்குங்க அம்மிணி”ன்னான். எனக்கும் மனசு எளகிருச்சு. நான் கல்லா? ஆனா ஒரு மொறைன்னு இருக்குதில்ல? எல்லாரு முன்னாலயும் அடிச்சா, எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேக்கோணும். குடோன் கேட்டுல, லோடுமேனுக பூராவும் இருக்கறப்ப வந்து ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு, நான் வாபஸ் வாங்கறேன்னேன். நாயந்தானே?

வந்தா. காலையில, வேலை தொடங்கற நேரம். லோடுமேனுக நிக்கறாங்க. மூட்டை எடுக்க வந்த குப்பண்ணன் நிக்கறாரு. நான் புதுச் சீலை கட்டிக்கிட்டுக் கேட்டுக்கு வந்தேன். அவ எனக்கு நேரா வந்து நின்னா. அன்னைக்குத்தான் மொத மொதலா என் மூஞ்சியை நிமிந்து பாத்தா. நானும், சரி, பாவம், கேக்கட்டும், கேட்டதும் ‘போ, வேலையைப் பாரு’ன்னு சொல்லிரலாம்னு நெனச்சுக்கிட்டு நிக்கறேன்.

மறுபடியும் அடிச்சா தம்பி. போன தடவையை விடப் பலமா. ஒதடு கிழிஞ்சு பல்லு மேல ரத்தம்.

“புடிங்கடா அவளை!”ன்னு கத்துனேன். அத்தனை ஆம்பளைக நின்னாங்க. கொக்கியைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னாங்க. ஒருத்தனும் ஒரு அடி எடுத்து வெக்கலை. தீர்த்தகிரியைப் பாத்தேன், கீழ பாத்துக்கிட்டு நிக்கறான். அவ திரும்பி, அவன் நல்ல கையைப் புடிச்சுக்கிட்டு நடந்து போயிட்டா. ஓடலைங்க, நடந்து போனா. ஒருத்தன் பின்னால ஒருத்தனா லோடுமேனுகளும் கெளம்பிட்டாங்க. குப்பண்ணன் தொண்டையைச் செருமிக்கிட்டு, “அம்மிணி, மிச்சமிருக்கற என்ற மூட்டையை எண்ணிக் குடுத்துரு. நான் வேற எடத்துல வெச்சுக்கறேன்”னாரு. அப்பிடியே ஒவ்வொருத்தரா வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. தூக்கறதுக்கு அவங்களே ஆளு கூட்டியாந்தாங்க. நீங்க வர்றப்ப பாத்திருப்பீங்க, உள்ள பேசுனா எதிரொலிக்குது.

கேசு இன்னும் நடக்குதுங்க. வாய்தா வாய்தாவா இழுக்கறாங்க. சாட்சின்னு கூப்பிட்டா எவனும் வர மாட்டேங்கறான். கண்ணால பாத்தவங்க அத்தனை பேரும் அப்ப வேற பக்கம் பாத்துக்கிட்டு இருந்தோங்கறாங்க. நானும் ஒவ்வொரு தடவையும் போயி உக்கார்றேன். அவளும் எதிர்ல வந்து உக்கார்றா.

எனக்குப் புரியாத ஒண்ணு இருக்குது தம்பி. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. தீர்த்தகிரி கோவிச்சுக்கிட்டான்னா அதுல ஒரு அர்த்தம் இருக்குது, அவன் கை போச்சு. செல்லப்பன் பொண்டாட்டி வந்து ரெண்டு வார்த்தை கேட்டிருந்தாலும் நான் வாயை மூடிக்கிட்டுப் பொட்டாட்டக் கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன். இவளை நான் ஒரு வார்த்தை வைஞ்சதில்லை, வெரல் நுனியாலகூடத் தொட்டதில்லை. நான் அவளுக்கு என்னங்க பண்ணுனேன்?